கிணறு சொன்னதை எங்களுக்கும் சொல்லுங்கள்

பெறுநர்:
தலைமை இயக்குநர்,
ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகம்,
நொய்டா.

மதிப்பிற்குரியவருக்கு,

வணக்கம். நான் திருவொற்றியூர்க்காரன். கடலில் கிணறு தோண்டும் ரிக்குகளில் மட் லாகிங் வேலை, அதாவது கிணற்றிலிருந்து மேலே வரும் துகளையும் வாயுவையும் கவனித்துப் பதிவு செய்யும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எண்ணெய் தேடாதீர்கள் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை, தேடியே ஆகவேண்டும் என்று வாதாடவும் இல்லை. அந்த வாதத்தை டெல்டாவிலும் ராமநாதபுரத்திலும் குமரியிலும் என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்பது சின்ன விஷயம். தமிழகக் கரைக்கு அப்பால் ஓர் ஆய்வுக் கிணறு தோண்டி முடித்ததும், அது என்ன காட்டியது, எதைச் சோதித்தார்கள், எதைச் சோதிக்காமல் விட்டார்கள், இருப்புக் கணக்கு எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரைக்கும் போகலாம் என்பதைத் தமிழில் ஒரே ஒரு பக்கத்தில் எழுதி வெளியிடுங்கள்.

எங்கோ நடுக்கடலில் தோண்டும் கிணற்றுக்கும் வடசென்னைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். காசிமேட்டு விசைப்படகுகள் ஆந்திரக் கரை வரைக்கும் போய்வருகின்றன. ரிக் நிற்கும் இடத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் போகக்கூடாது என்ற விதி முதலில் தொடுவது அவர்களைத்தான். கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் மணலியும் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. இதற்கெல்லாம் மேல் ஒரு காரணம் உண்டு. எண்ணெய் விஷயத்தில் அதிகாரிகள் முதலில் சொல்லும் எண்ணை நம்பி நாங்கள் நிறையப் பட்டிருக்கிறோம். 2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. பெரிதாக எதுவும் கொட்டவில்லை என்ற தொனியில்தான் முதல் தகவல் வந்தது. அப்புறம் எர்ணாவூர்ப் பாறைகளில் கருப்பாகப் படிந்ததை மீனவர்களும் மாணவர்களும் பிளாஸ்டிக் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு கொசஸ்தலை முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து படகிலும் வலையிலும் அப்பியது. அப்போதும் எவ்வளவு என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில். இப்படிப்பட்ட ஊரில், "கடலில் பெரிய எரிவாயு வளம்" என்று ஒரு தலைப்புச் செய்தி வந்தால் பாதிப் பேர் பயப்படுகிறார்கள், பாதிப் பேர் பையனுக்கு வேலை கிடைக்குமா என்று கணக்குப் போடுகிறார்கள். கிணறு உண்மையில் என்ன சொன்னது என்பது மட்டும் இருவருக்குமே தெரியாது.

அதை அறிவது எவ்வளவு சிக்கல் என்பது உங்களுக்குத் தெரியும். வாசிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

தோண்டும்போது குழாய் வழியாக மட் என்னும் சேற்றுக் கரைசல் கீழே போய், பிட் என்னும் துளைமுனை உடைத்த பாறைத் துகளோடு வெளிப்புறமாக மேலே திரும்பி வரும். மூவாயிரம் மீட்டர் ஆழத்துத் துகள் மேலே வர ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அந்தத் தாமதத்தைக் கணக்கிட்டுத்தான் எந்தத் துகள் எந்த ஆழத்துடையது என்று எழுதுகிறோம். ஷேக்கர் என்னும் சல்லடையில் விழும் துகளைக் கழுவி, புறஊதா விளக்கில் வைத்தால் எண்ணெய் மினுங்கும். மட்டோடு வரும் வாயுவை இயந்திரம் பிரித்து மீத்தேன் எவ்வளவு, புரொப்பேன் எவ்வளவு என்று காட்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் பாறையிலிருந்து வாயு திடீரென்று கிணற்றுக்குள் பாய்ந்துவிடாமல் இருக்க, மட்டின் எடையைப் பாறையின் அழுத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே வைப்பார்கள். அந்தக் கூடுதல் அழுத்தம் பாறையில் இருக்கும் எண்ணெயையும் வாயுவையும் கிணற்றை விட்டு உள்ளே தள்ளிவிடும். பாதுகாப்பாகத் தோண்டத் தோண்ட அடையாளம் மங்கும். ஆழ்கடலில் எண்ணெய் கலந்த மட் பயன்படுத்தினால் இன்னும் மோசம். நாம் ஊற்றிய எண்ணெய் மினுங்குகிறதா, பாறையில் இருந்த எண்ணெய் மினுங்குகிறதா என்று விளக்கின் கீழே குனிந்து தலையைச் சொறிய வேண்டியதுதான். இந்தக் காலத்து பிட்டுகள் பாறையை மாவாக அரைத்து அனுப்புவதால் பார்ப்பதற்கே ஒன்றும் மிஞ்சாத நாட்களும் உண்டு.

அடுத்து வயர்லைன் வரும். கம்பியில் கட்டி இறக்கும் கருவிகள் மின்தடை, அடர்த்தி, நியூட்ரான், காமா கதிர் எல்லாவற்றையும் ஆழத்துக்கு ஆழம் பதிவு செய்யும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், எண்ணெயும் வாயுவும் கடத்தாது. இந்த அடிப்படையில், பாறையில் தண்ணீர் எவ்வளவு என்று கணக்கிட 1942இல் ஆர்ச்சி என்பவர் தந்த சமன்பாட்டைத்தான் உலகம் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறது. களிமண் இல்லாத சுத்தமான மணற்பாறைக்கு அது அருமையாகப் பொருந்தும். நம் கிழக்குக் கரையின் ஆழ்கடலிலோ மணலும் களிமண்ணும் மெல்லிய அடுக்குகளாக மாறிமாறிக் கிடக்கும் இடங்கள் ஏராளம். கருவியால் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாத அளவு அடுக்கு மெலிந்துவிட்டால், இரண்டுக்கும் சராசரியான ஓர் எண்தான் கிடைக்கும். வாயு நிறைந்த அடுக்கு தண்ணீர் அடுக்காகத் தெரியும். மதிப்பிடுபவர் ஒருவகையில் அனுமானித்தால் கிணறு "வறண்டது", இன்னொரு வகையில் அனுமானித்தால் "கண்டுபிடிப்பு". பதிவான தரவு இரண்டுக்கும் ஒன்றேதான்.

அப்புறம் அழுத்த அளவீடு. ஒரு கருவியைக் கிணற்றுச் சுவரில் அழுத்தி, பாறையின் அழுத்தத்தைப் பல ஆழங்களில் எடுப்பார்கள். நன்னீர் என்றால் அழுத்தம் அடிக்கு 0.433 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வீதம் கூடும். உப்புநீரில் சற்று அதிகம், எண்ணெயில் குறைவு, வாயுவில் மிகக் குறைவு. புள்ளிகளை இணைத்துக் கோடு போட்டால், உள்ளே இருப்பது என்ன, அதற்குக் கீழே தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். கொஞ்சம் திரவத்தையும் உறிஞ்சி மேலே கொண்டுவரலாம். இதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாக நடந்தாலும், அந்தப் பாறை ஒரு நாளைக்கு எவ்வளவு தரும் என்ற கேள்வி அப்படியே நிற்கும். அதற்கு டிஎஸ்டி செய்யவேண்டும், அதாவது கிணற்றைத் திறந்துவிட்டு ஓடவைத்துப் பார்க்கவேண்டும்.

நிலத்தில் இது வழக்கமான வேலை. ஆழ்கடலில் அப்படியில்லை. கடலடியில் வெப்பநிலை நாலைந்து டிகிரிதான் இருக்கும். அந்தக் குளிரில் வாயுவும் நீரும் சேர்ந்து பனிக்கட்டி போல உறைந்து குழாயை அடைக்கும். அடைக்காமல் இருக்க ரசாயனம் செலுத்திக்கொண்டே இருக்கவேண்டும். வந்த வாயுவைச் சேர்த்துவைக்க இடமில்லை, ரிக்கின் ஓரத்திலேயே எரித்தாகவேண்டும். கீழே அழுத்தத்தில் இருக்கும் கிணற்றோடு இணைந்தபடியே மேலே கப்பல் அலையில் ஏறி இறங்கும். ஐப்பசி கார்த்திகையில் வங்கக் கடலில் ஒரு சுழல் உருவானால் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு விலகவேண்டும். 2010 வாக்கில் ஆழ்கடல் துளைக் கப்பலின் ஒரு நாள் வாடகையே நாலைந்து லட்சம் டாலர். இவ்வளவையும் பார்த்த நிறுவனங்கள், அழுத்தக் கோடும் திரவ மாதிரியும் போதாதா என்று கேட்டதில் வியப்பில்லை. ஒப்பந்தத்தில் இருக்கும் டிஎஸ்டியைச் செய்யுங்கள் என்று உங்கள் இயக்குநரகம் பிடிவாதமாக நின்றது. அந்த இழுபறி வருடக்கணக்கில் போய், 2015 ஏப்ரலில் மத்திய அமைச்சரவைக் குழு 5 வட்டாரங்களில் (தேடுவதற்காகப் பிரித்துக் கொடுத்த பகுதிகளில்) 12 கண்டுபிடிப்புகளுக்கு மூன்று வழி சொன்னது: திருப்பிக் கொடுத்துவிடலாம், டிஎஸ்டி செய்யலாம், ஆனால் அந்தச் செலவு முழுவதையும் கணக்கில் கழிக்க முடியாது, சோதனை இல்லாமல் சொந்தப் பொறுப்பில் மேம்படுத்தலாம்.

உங்கள் பிடிவாதம் நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் டிஎஸ்டி செய்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற தோரணை எனக்கு ஒப்பாது. சில மணி நேரமோ சில நாட்களோ ஓடவிட்டால், கிணற்றைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரம் வரைக்கும்தான் பாறையின் குணம் தெரியும். நேரம் நான்கு மடங்கானால் தெரியும் தூரம் இரண்டு மடங்குதான் ஆகும். காசிமேட்டு ஏலத்தில் நிற்கும் அக்காக்கள் மேலே அடுக்கியிருக்கும் வஞ்சிரத்தை மட்டும் பார்த்துக் கூடைக்கு விலை சொல்ல மாட்டார்கள், கையை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். கடலுக்கு அடியில் நூறு சதுர கிலோமீட்டர் பரந்த பாறைக்கு எட்டரை அங்குலத் துளை ஒன்றை வைத்துத்தான் விலை சொல்லவேண்டியிருக்கிறது.

கிருஷ்ணா கோதாவரி டி6 வட்டாரத்தைப் பாருங்கள். டி1, டி3 என்ற வாயு வயல்கள் 2002இல் கண்டுபிடிக்கப்பட்டன. 2006 திட்டத்தில் எடுக்கக்கூடிய வாயு சுமார் 10 டிரில்லியன் கன அடி என்று இருந்தது. 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கியது. திட்டமிட்டது நாளொன்றுக்கு 80 மில்லியன் கன மீட்டர். 2010இல் 60ஐத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கியது. இருப்புக் கணக்கு சுமார் 3 டிரில்லியனுக்குச் சுருங்கி, 2020 பிப்ரவரியில் அந்த வயல்கள் மூடப்பட்டன. போதுமான கிணறுகள் தோண்டவில்லை என்றது அரசு, பாறை எதிர்பார்த்தபடி இல்லை என்றது நிறுவனம். விவகாரம் நடுவர் மன்றம் வரைக்கும் போனது. யார் சொன்னது சரி என்பதை விடுங்கள். தொடக்கத்தில் அந்தக் கிணறுகளில் வாயு அருமையாகவே வந்தது. பழைய ஆற்றுக் கால்வாய் போன்ற மணற்படுகைகள் ஒன்றோடொன்று எவ்வளவு தொடர்பில் இருக்கின்றன, தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் ஏறிவரும் என்பது உற்பத்தி தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

இன்னும் பக்கத்தில், நம் காவிரிப் படுகையின் கடல் பகுதியில் பிஒய்-1 இருக்கிறது. அங்கே வாயு இருப்பது மணலில் இல்லை, விரிசல் விட்ட கருங்கல்லில். கருங்கல்லுக்குள் மணற்பாறை போல நுண்துளை கிடையாது, விரிசல்தான் எல்லாம். ஆர்ச்சி சமன்பாட்டை வைத்து அங்கே ஒன்றும் பிடிக்க முடியாது. கிணறு ஒரு நல்ல விரிசலைச் சந்தித்தால் பிரமாதமாக ஓடும், பத்தடி தள்ளிப் போனால் ஒன்றும் இருக்காது. 2009 கடைசியில் உற்பத்தி தொடங்கியது, எதிர்பார்த்த அளவு வரவில்லை. குஜராத் அரசு நிறுவனத்தின் தீன்தயாள் வயலையும் மறக்க முடியாது. கோதாவரிக் கடலில் 20 டிரில்லியன் கன அடி என்று 2005இல் நாடெங்கும் முழங்கினார்கள். ஒப்புதல் பெற்ற மேம்பாட்டுத் திட்டத்தில் இருந்த இருப்பு கிட்டத்தட்ட அதில் பத்தில் ஒரு பங்குதான். அதிக வெப்பம், அதிக அழுத்தம், இறுகிய பாறை. ஆனால் மேடைக்குப் போனது ஒற்றை எண் மட்டுமே.

என் புகார் இந்த ஒற்றை எண் மேல்தான். தொழிலில் யாரும் ஒற்றை எண்ணில் பேசுவதில்லை. குறைந்தபட்சம் இவ்வளவு இருக்கும் என்று நூற்றுக்குத் தொண்ணூறு நம்பிக்கையோடு சொல்லும் எண் ஒன்று, ஐம்பது நம்பிக்கையோடு சொல்வது ஒன்று, பத்து நம்பிக்கையோடு சொல்வது ஒன்று என்று மூன்று வைத்துக்கொள்வார்கள். பாறையில் இருப்பது வேறு, மேலே எடுக்க முடிவது வேறு. எண்ணெயாக இருந்தால் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே பல வயல்களில் சந்தோஷப்படுவார்கள். செய்தியில் வருவதோ எப்போதும் பாறையில் இருப்பதாக நம்பும் எண், அதிலும் பெரியது. அதைத் திருத்தி எழுத வேண்டிய பொறுப்பு நிறுவனத்துக்கு இல்லை. பங்குச் சந்தைக்கு அனுப்பிய கடிதத்தோடு அவர்கள் வேலை முடிந்தது. தரவு முழுவதும் வந்து சேரும் இடம் நீங்கள்தான்.

இன்னொன்றையும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன், இது உங்கள் அமைச்சகத்தின் வேலை இல்லை என்று தெரிந்தேதான். 2020 ஜனவரி 16இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட திருத்தத்தின்படி, நிலமோ கடலோ, ஆய்வுக் கிணறு தோண்டுவது பி2 வகைக்கு மாற்றப்பட்டது. பொதுமக்கள் கருத்துக்கேட்பு வேண்டாம், முழு சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையும் வேண்டாம். ஆய்வுதானே, தற்காலிகம்தானே என்பது வாதம். சரி, மேம்பாட்டு நிலைக்கு வரும்போது எங்களைக் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது எங்கள் முன்னால் வைக்கப்படும் இருப்புக் கணக்கு, ஆய்வுக் கட்டத்தில் எடுத்த தரவிலிருந்து வந்தது. அந்தக் கட்டத்தில் நாங்கள் இல்லை, தரவும் எங்களிடம் இல்லை. கணக்கை ஒப்புக்கொண்ட பிறகு வரும் கூட்டத்தில் மைக் பிடித்துக் கத்துவதைத் தவிர மீனவர் என்ன செய்ய முடியும்?

தற்காலிகம் என்ற வாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெக்சிகோ வளைகுடாவில் 2010 ஏப்ரல் 20இல் வெடித்த மக்கோண்டோ ஓர் ஆய்வுக் கிணறு. தோண்டி, அளந்து, தற்காலிகமாக மூடிவிட்டுக் கிளம்பும் கட்டத்தில்தான் அது வெடித்தது. சிமெண்ட் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கும் பதிவை எடுக்க வந்த குழுவைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அழுத்தச் சோதனையில் குழாயில் 1,400 பிஎஸ்ஐ காட்டியதற்கு வேறொரு விளக்கம் கண்டுபிடித்துச் சமாதானம் ஆனார்கள். 11 பேர் இறந்தார்கள். எண்ணெய் 87 நாட்கள் கொட்டியது. கசிவு நாளுக்கு 1,000 பீப்பாய் என்றார்கள், சில நாளில் 5,000 என்றார்கள். முடிவில் அரசு விஞ்ஞானிகள் கணக்கிட்டபோது அது 50,000ஐத் தாண்டியிருந்தது. எண்ணூர்க்காரனுக்கு இந்த வரிசை புதிதில்லை.

நான் கேட்பதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் ஒரு நாடு இருக்கிறது. நார்வேயில் ஒரு புது ஆய்வுக் கிணறு முடிந்ததும், அந்த நாட்டுக் கடல்வள இயக்குநரகத்தின் அறிவிப்பு பொதுவெளிக்கு வந்துவிடும். கிணறு எங்கே, கடல் ஆழம் எவ்வளவு, எந்தப் பாறையைத் தேடினார்கள், எது கிடைத்தது, எடுக்கக்கூடிய அளவு இத்தனையிலிருந்து இத்தனை வரை, ஓட்டச் சோதனை செய்தார்களா இல்லையா, கிணறு நிரந்தரமாக மூடப்படுகிறதா என்று எல்லாம் அதில் இருக்கும். வறண்ட கிணறு என்றால் வறண்டது என்றே இருக்கும். கிணற்றின் மூலத் தரவும் பொதுவாக இரண்டு வருடத்தில் வெளியாகிறது. அதனால் அங்கே எந்த நிறுவனமும் கடையை மூடவில்லை.

நம்மிடமும் 2017இல் தொடங்கிய தேசியத் தரவுக் களஞ்சியம் இருக்கிறது, அதை உருவாக்கியது நல்ல வேலைதான். ஆனால் அது ஏலம் எடுக்க வரும் நிறுவனங்களுக்கானது. நில அதிர்வுத் தரவை விலை கொடுத்து வாங்குகிறவருக்குப் புரியும், நெட்டுக்குப்பத்து மீனவருக்குப் புரியாது. ஒப்பந்தத்தில் ரகசியக் காலம் இருக்கிறது என்று பதில் வரலாம். லாக் என்னும் பதிவுச் சுருளையும் பாறை மாதிரியையும் நான் கேட்கவில்லை. ரகசியக் காலம் ஓடும்போதே நிறுவனம் பங்குச் சந்தையில் "குறிப்பிடத்தக்க கண்டுபிடிப்பு" என்று சொல்லலாம் என்றால், அதே கிணற்றில் ஓட்டச் சோதனை செய்யவில்லை என்பதை நீங்கள் சொல்வதில் எந்த ரகசியம் உடையும்? மக்களுக்குப் புரியாது, வீண் பீதி கிளம்பும் என்பது இன்னொரு பதில். எங்கள் ஊரில் பீதி கிளப்பியது தகவல் இல்லை. தகவல் வராத நாட்கள்தான்.

அந்த ஒரு பக்கத்தில் மூன்று எண்ணும் இருக்கட்டும், அவை பாறையில் இருப்பதா எடுக்கக்கூடியதா என்றும் இருக்கட்டும். சோதனையின்போது எத்தனை மணி நேரம் வாயு எரித்தார்கள் என்று இருக்கட்டும். முக்கியமாக, மூடிய கிணற்றில் எத்தனை சிமெண்ட் அடைப்பு வைத்தார்கள், அவை அழுத்தம் தாங்குகின்றனவா என்று சோதித்தார்களா, கடலடியில் கிணற்றுத் தலை மிச்சம் இருக்கிறதா, இருந்தால் அட்சரேகை தீர்க்கரேகை என்ன என்று போடுங்கள். இழுவலை அதில் மாட்டினால் வலை மட்டும் போகாது, படகும் சாயும். இந்த விவரம் கப்பல்களுக்கான எச்சரிக்கை அறிவிப்பில் ஆங்கிலத்தில் வருகிறது என்று எனக்குத் தெரியும். அதைப் படிக்கும் விசைப்படகு ஓட்டுநர் ஒருவரையாவது எனக்குக் காட்டுங்கள். காசிமேடு துறைமுகத்தில் மீன்வளத்துறை அலுவலகப் பலகை இருக்கிறது, ஒவ்வொரு மீனவர் சங்கத்துக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. இரண்டிலும் போட்டால் ஒரே நாளில் நாகப்பட்டினம் வரைக்கும் போய்விடும்.

சென்னைக்கு நேரே இருக்கும் பாலாற்றுப் படுகையில் இதுவரை வணிக உற்பத்தி எதுவும் இல்லை. தரவு குறைவான படுகை அது. அங்கே தோண்டப்படும் எந்தக் கிணறும் நிச்சயமின்மை மிகுந்ததாகத்தான் இருக்கும். இந்தப் பழக்கத்தைத் தொடங்க அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. தமிழில் எழுத ஆள் இல்லை என்ற சிரமம் இருந்தால், ரிக்கில் காலம் கழித்த தமிழர்கள் வடசென்னையில் மட்டுமே ஒரு டஜன் பேரை என்னால் காட்ட முடியும். அழுத்தக் கோடு என்றால் என்ன என்று ராயபுரத்து டீக்கடையில் விளக்கிப் பழக்கப்பட்டவர்கள். வரைவை அனுப்புங்கள், சம்பளம் வேண்டாம், இரண்டே நாளில் திருத்தி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மட் லாகர் ஒருவன்,
திருவொற்றியூர், சென்னை.